கர்ப்பத் தடை பிளாஸ்திரி: அனுகூலமா? அபாயமா?

ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்திரி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பார்ப்பதற்குக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி போலவே இருக்கும்.

ஆனால் அது காயத்துக்குப் போடுவது அல்ல. கர்ப்பம் உண்டாகாமல் இருப்பதற்காகப் பெண்கள் உடம்பில் ஒட்டிக்கொள்வது!

2001-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்க சர்க்காரின் உணவு-மருந்து நிர்வாகம் இந்தப் பிளாஸ்திரிக்கு அனுமதி கொடுத்தது. 2002-ம் ஆண்டில் கடைகளுக்கு வந்தது. “ஆர்த்தோ எவ்ரா” என்று பெயர். “ஜான்சன் அண்டு ஜான்சன்” கம்பெனியைச் சேர்ந்த ஒரு கிளைக் கம்பெனி அதை விற்றது. கர்ப்பத்தைத் தடுக்கும் பிளாஸ்திரி என்று உலகில் முதன் முதலில் வந்தது இதுதான்.

பெண்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அதற்குக் காரணமும் உண்டு.

கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடும் பெண் அதைத் தினமும் சாப்பிட வேண்டும். வேலைக்குப் போகிற பெண், பிள்ளைகளைக் கவனிக்கிற பெண், ஒரு நாள் மறந்துவிடுவாள். மறந்தால் பலன் கெட்டுவிடும். பிளாஸ்திரிக்கு அந்தத் தொல்லை இல்லை. வாரத்துக்கு ஒன்று ஒட்டினால் போதும். மூன்று வாரத்துக்கு மூன்று பிளாஸ்திரி. நாலாவது வாரம் ஒட்டுவது இல்லை. அப்போது மாதவிலக்கு வரும். பிறகு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

லட்சக்கணக்கான பெண்கள் இதை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள்.

சில ஆண்டுகளுக்குள் கதை மாறியது. ரத்தம் கட்டி இறந்து போன இளம் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2004-ம் ஆண்டில் மட்டும் சுமார் ஒரு டஜன் பெண்கள் இந்தப் பிளாஸ்திரி காரணமாக இறந்திருக்கலாம் என்று, சர்க்காருக்கு வந்த புகார்களை ஆராய்ந்து, “அசோசியேட்டட் பிரஸ்” என்ற செய்தி ஸ்தாபனம் 2005-ம் ஆண்டு ஜூலை மாதம் எழுதியது. பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பாதிக்கப்பட்ட பெண்களும் போனார்கள். பல வழக்குகளைக் கம்பெனி சமரசமாகப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது.

அப்படியானால் பிளாஸ்திரி விஷமா? இல்லை.

வரப்பிரசாதமா? அதுவும் இல்லை.

அது ஒரு மருந்து. எல்லா மருந்தையும் போல அதற்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஒட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த இரண்டையும் சொன்னார்களா, சரியான நேரத்தில் சொன்னார்களா, அவளுக்குப் புரியும்படி சொன்னார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி.

பிளாஸ்திரிக்குள் என்ன இருக்கிறது?

பெண்ணின் உடம்பில் இயற்கையாகவே சில சுரப்பு நீர்கள் ஊறுகின்றன. அவற்றை “ஹார்மோன்” என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். மாதா மாதம் கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதும், மாதவிலக்கு வருவதும் இந்த ஹார்மோன்களின் வேலைதான்.

அதே மாதிரியான இரண்டு ஹார்மோன்களைச் செயற்கையாகச் செய்து பிளாஸ்திரிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒன்று “ஈஸ்ட்ரோஜன்” வகை. மற்றது “புரோஜெஸ்டின்” வகை. இரண்டும் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி, ஆணின் விந்தணு உள்ளே போகாமல் மறிக்கின்றன.

பிட்டம், அடிவயிறு, மேல்கையின் வெளிப்புறம், முதுகின் மேல்பாகம் ஆகிய இடங்களில் ஏதாவது ஒன்றில் ஒட்டலாம். மார்பகத்தில் ஒட்டக் கூடாது. புண் உள்ள இடத்திலும், எண்ணெயோ பவுடரோ பூசிய இடத்திலும் ஒட்டக் கூடாது.

சரியாக ஒட்டினால் நல்ல பலன் உண்டு. துளியும் தவறாமல் உபயோகித்தால் ஓராண்டில் 1,000 பெண்களில் 3 பேர்தான் கர்ப்பம் அடைவார்கள். ஆனால் மனிதர்கள் தவறு செய்யாமல் இருப்பார்களா? பிளாஸ்திரி கழன்று விழும். மாற்ற வேண்டிய நாளை மறந்து போவார்கள். அதனால் நடைமுறையில் ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 7 பேர் கர்ப்பம் அடைகிறார்கள் என்று அமெரிக்கக் கணக்கு சொல்லுகிறது.

100-க்கு 160!

பிளாஸ்திரி தினமும் 20 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனை உடம்புக்குள் விடுகிறது என்று ஆரம்பத்தில் அதன் விவரச் சீட்டில் போட்டிருந்தார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்போது வழக்கத்தில் இருந்த பல மாத்திரைகளில் 35 மைக்ரோகிராம் இருந்தது. 35 பெரிதா, 20 பெரிதா? பள்ளிக்கூடப் பிள்ளைகூட, “பிளாஸ்திரியில் மருந்து குறைவு” என்றுதான் சொல்லும்.

ஆனால் உண்மை வேறு மாதிரி இருந்தது.

மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றுக்குப் போகிறது, குடலுக்குப் போகிறது, பிறகு ஈரலுக்குப் போகிறது. குடலும் ஈரலும் அதில் பாதிக்கு மேல் சிதைத்துவிடுகின்றன. மீதிதான் ரத்தத்தில் சுற்றுகிறது. பிளாஸ்திரி மருந்து அந்த வழியாகப் போவது இல்லை. தோலில் இருந்து நேராக ரத்தத்துக்குப் போகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாத்திரை சாப்பிடுவது, ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்ப்பது போல. மருந்து ரத்தத்தில் மளமளவென்று ஏறும். பிறகு மறுநாள் மாத்திரை வரையில் இறங்கிக்கொண்டே போகும். பிளாஸ்திரியோ, இரவும் பகலும் ஒழுகிக்கொண்டு இருக்கும் குழாய் போல. சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஆனால் காலையில் பார்த்தால் வாளி நிறைந்து வழியும்!

2005-ம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ந் தேதி அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 35 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடும் பெண்ணைக் காட்டிலும், பிளாஸ்திரி ஒட்டும் பெண்ணின் உடம்பு மொத்தத்தில் சுமார் 60 சதவீதம் அதிகமான ஈஸ்ட்ரோஜனுக்கு ஆளாகிறது என்று அந்த எச்சரிக்கை சொன்னது. அதாவது மாத்திரைக்காரிக்கு 100 என்றால், பிளாஸ்திரிக்காரிக்கு 160. ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு மட்டும் பிளாஸ்திரியில் சுமார் 25 சதவீதம் குறைவு.

இதைக் கொட்டை எழுத்தில் விவரச் சீட்டில் போடும்படி செய்தார்கள். ஆனால் அனுமதி கொடுத்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நான்கு ஆண்டுகளில் பிளாஸ்திரி ஒட்டிய பெண்களுக்கு இந்தக் கணக்கை யார் சொன்னார்கள்?

இங்கேதான் குற்றம் இருக்கிறது. அபாயம் இருந்தது பெரிய குற்றம் அல்ல. அபாயம் இல்லாத மருந்து எது? “20” என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்து போகும்படி விட்டதுதான் குற்றம்.

ரத்தம் ஏன் கட்டுகிறது?

விரலில் கத்தி பட்டால் ரத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் தானாகவே உறைந்து நின்றுவிடுகிறது. ரத்தத்தில் உறையவைக்கும் பொருள்கள் இருப்பதால்தான் இப்படி நடக்கிறது. அந்தப் பொருள்களில் பலவற்றைச் செய்வது ஈரல்.

ஈஸ்ட்ரோஜன் அதிகமானால் ஈரல் அவற்றை அதிகமாகச் செய்கிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. காயமே இல்லாமல் ரத்தக் குழாய்க்கு உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். பெரும்பாலும் இது காலில்தான் உண்டாகும். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் குழாயில் கட்டும்.

காலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கட்டி உடைந்து ரத்தத்தோடு ஓடி, நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தோல் வழியாகப் போகும் மருந்து முதலில் ஈரலைத் தொடாமல் போகிறதே, அதனால் இந்த அபாயம் குறையாதா என்று கேட்கலாம். குறையவில்லை. ரத்தத்தில் கலந்த மருந்து உடம்பு முழுவதும் சுற்றுகிறது. கடைசியில் ஈரலுக்கும் போகத்தானே வேண்டும்!

10,000 பெண்கள் உள்ள ஊர்

அபாயம் உண்டு என்பது சரி. எவ்வளவு அபாயம்? அதைச் சொல்லாமல் “அபாயம், அபாயம்” என்று கத்துவதில் பயன் இல்லை.

ஓர் ஊரில் பிள்ளை பெறும் வயதில் 10,000 பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அவர்கள் இப்படிப்பட்ட ஹார்மோன் மருந்து எதுவும் உபயோகிக்கவில்லை, கர்ப்பமாகவும் இல்லை. அப்போதும் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு ரத்தம் கட்டும்.

எல்லோரும் பழைய ரக மாத்திரை சாப்பிட்டால் 5 முதல் 7 பேருக்குக் கட்டும்.

எல்லோரும் இந்தப் பிளாஸ்திரியை ஒட்டினால் 6 முதல் 12 பேருக்குக் கட்டும்.

இது ஐரோப்பிய மருந்து ஸ்தாபனம் 2013-ம் ஆண்டில் ஆராய்ந்து சொன்ன கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை மறைத்தால் நியாயம் ஆகாது. கர்ப்பமாக இருக்கும் பெண்களில் ஓராண்டுக் கணக்கில் 10,000-க்கு 5 முதல் 20 பேருக்கு ரத்தம் கட்டுகிறது. பிரசவம் ஆன முதல் 12 வாரங்களில் அந்த விகிதம் 40 முதல் 65 வரை ஏறுகிறது. இது அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் காட்டும் கணக்கு.

ஆக, பிளாஸ்திரியால் வரும் அபாயத்தைவிடக் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் வரும் அபாயம் பெரிது. பிளாஸ்திரிக்காரர்கள் இதைத்தான் எடுத்துச் சொல்லுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கர்ப்பத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் அந்த வாதம் முழுதும் சரி. வேறு வழிகள் இருக்கின்றனவே! பழைய ரக மாத்திரை இருக்கிறது. ஹார்மோனே இல்லாத தாமிர வளையம் (“காப்பர்-டி”) இருக்கிறது. ஆணுறை இருக்கிறது. பிளாஸ்திரியைக் கர்ப்பத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, மற்ற வழிகளோடு ஒப்பிடாமல் விட்டால், அது தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டுவது போல ஆகும்.

ஆராய்ச்சிக்காரர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 2006-ம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிகளின் முடிவு வந்தது. மாத்திரைக்கும் பிளாஸ்திரிக்கும் வித்தியாசம் இல்லை என்றது ஒன்று. மாத்திரையைவிடப் பிளாஸ்திரியில் சுமார் இரண்டு மடங்கு அபாயம் என்றது மற்றொன்று. இரண்டையும் விவரச் சீட்டில் போட்டார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம் உணவு-மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடிப் பேசியது. ஓட்டு எடுத்தார்கள். பிளாஸ்திரியின் நன்மை அதன் தீமையைவிட அதிகம் என்று 19 பேர் சொன்னார்கள். 5 பேர் மறுத்தார்கள். ஆனால் விவரச் சீட்டு போதாது. இன்னும் தெளிவாக எழுத வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

நிபுணர்களின் தீர்ப்பே இதுதான்: மருந்து இருக்கட்டும்; சொல்லுகிற முறையை மாற்றுங்கள்!

“ஆர்த்தோ எவ்ரா” பிற்பாடு அமெரிக்கக் கடைகளில் இருந்து மறைந்தது. ஆனால் அதே மருந்துகள் கொண்ட “சுலேன்” என்ற பிளாஸ்திரிக்கு 2014-ம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. 2020-ம் ஆண்டில் “ட்விர்லா” என்ற வேறொரு பிளாஸ்திரிக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆகவே கதை முடிந்து போகவில்லை.

மற்ற தொல்லைகள்

ரத்தம் கட்டுவது அபூர்வமாக வருவது. அடிக்கடி வரும் சிறு தொல்லைகளும் உண்டு. மார்பகம் கனத்து வலிக்கும். தலைவலி வரும். குமட்டும். ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும். மாதவிலக்கின்போது வயிறு வலிக்கும். இடையில் கொஞ்சம் ரத்தம் படுவதும் உண்டு. சிலருக்கு மனம் சோர்ந்து போகும்.

இவற்றில் பல இரண்டு மூன்று மாதத்தில் குறைந்துவிடும். குறையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். “எல்லாம் மனப்பிராந்தி” என்று வீட்டில் உள்ளவர்கள் தள்ளிவிடக் கூடாது.

பிளாஸ்திரி கழன்று விழுவதும் உண்டு. ஆரம்பப் பரிசோதனைகளில் 100-க்குச் சுமார் 5 பிளாஸ்திரிகளைக் கழன்ற காரணத்துக்காக மாற்ற வேண்டி இருந்தது. கழன்று 24 மணி நேரம் ஆகாவிட்டால், அதையே திரும்ப அழுத்தி ஒட்டலாம். ஒட்டாவிட்டால் புதியது போடலாம். 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வேண்டும்.

கழற்றிய பிளாஸ்திரியிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதை இரண்டாக மடித்து ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெண்ணோய், மேக நோய், எயிட்ஸ் முதலிய தொற்று நோய்களைப் பிளாஸ்திரி தடுக்காது. அதற்கு ஆணுறைதான் துணை.

யார் ஒட்டக் கூடாது?

இந்தப் பட்டியல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிளாஸ்திரியால் செத்துப் போகாமல் தப்புவதற்கு முதல் வழி, ஒட்டக் கூடாதவர்கள் ஒட்டாமல் இருப்பதே.

35 வயதுக்கு மேல் ஆகி சிகரெட் பிடிக்கும் பெண்கள் ஒட்டக் கூடாது. முன்பு எப்போதாவது ரத்தம் கட்டியவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், அடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள் ஒட்டக் கூடாது. கண்ணில் மின்னல் போலத் தெரிந்து அதன் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் ஒட்டக் கூடாது. அவர்களுக்குப் பக்கவாத அபாயம் அதிகம்.

பிரசவம் ஆகிச் சில வாரங்களே ஆன தாய்மாரும், பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு படுத்த படுக்கையாக இருப்பவர்களும் ஒட்டக் கூடாது. உடல் பருமன் மிகுந்தவர்களுக்கு அபாயமும் அதிகம், பலனும் குறைவு. 90 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ள பெண்களிடம் பலன் குறையக்கூடும் என்று ஆரம்பத்திலேயே கண்டார்கள்.

காச நோய்க்குக் கொடுக்கும் “ரிபாம்பிசின்” மருந்தும், காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் பிளாஸ்திரியின் பலனைக் கெடுத்துவிடும். ஆகவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் அம்மாவுக்கோ, அக்காள் தங்கைக்கோ ரத்தம் கட்டியது உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் எளிதில் கட்டும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். அதில் ஒரு வகையை 1994-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் லைடன் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

பழைய பாடம்

பெண்களுக்குச் சொல்லாமல் மருந்து கொடுத்தது இது முதல் தடவை அல்ல.

1960-ம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் கர்ப்பத் தடை மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். “எனோவிட்” என்று பெயர். அதில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் இருப்பதைப் போலப் பல மடங்கு! அடுத்த ஆண்டே, அந்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தம் அடைத்தது பற்றி இங்கிலாந்து டாக்டர் ஒருவர் “லான்செட்” பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் மாத்திரை சாப்பிட்ட லட்சக்கணக்கான பெண்களில் எத்தனை பேர் “லான்செட்” படித்தார்கள்?

1969-ம் ஆண்டில் பார்பரா சீமன் என்ற பெண் எழுத்தாளர் மாத்திரையின் தீமைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் சபை அங்கத்தினர் கேலார்டு நெல்சன் அதன் பிறகு 1970-ம் ஆண்டில் பகிரங்க விசாரணை நடத்தினார். டாக்டர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். விஞ்ஞானிகள் சாட்சி சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட அழைக்கவில்லை!

பார்த்துக்கொண்டு இருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஆலிஸ் உல்ப்சன் என்ற பெண்ணும் அவருடைய தோழிகளும் சபை நடுவிலேயே எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். விசாரணை அல்லோலகல்லோலப்பட்டது. டெலிவிஷனில் நாடே பார்த்தது.

அதன் பலனாகவே மாத்திரைப் பெட்டிக்குள் பெண்கள் படிப்பதற்கென்று ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. டாக்டர்களும் மருந்துக் கம்பெனிகளும் ஆட்சேபித்ததால் முதலில் எழுதிய வாசகத்தை மிகவும் சுருக்கிவிட்டார்கள். முழு விவரமுள்ள சீட்டுக்கு 1978-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

இன்று மருந்துப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் சீட்டு, பெண்கள் எழுந்து நின்று கேட்டு வாங்கிய சீட்டு. அதைப் படிக்காமல் கசக்கி எறிவது, கிடைத்த சொத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

பீதியும் கெடுதல்தான்

மூடி மறைப்பது தவறு. அதற்காகத் தண்டோராப் போட்டுப் பயமுறுத்துவது சரியா? அதுவும் தவறு. இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள்.

1995-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். சில புது ரக மாத்திரைகளால் ரத்தம் கட்டும் அபாயம் இரு மடங்கு ஆகிறது என்று சொன்னார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அதை ஊதிப் பெரிதாக்கின.

“இரு மடங்கு!” என்றதும் பெண்கள் நடுங்கிப் போனார்கள். பலர் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேறு பாதுகாப்பும் இல்லை. விரும்பாத கர்ப்பங்கள் உண்டாயின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருச்சிதைவுகள் சுமார் 13,000 அதிகமாயின என்று மதிப்பிட்டார்கள்.

அந்த “இரு மடங்கு” உண்மையில் எவ்வளவு? 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம், 7,000 பெண்களில் இருவருக்கு ஆயிற்று. அவ்வளவுதான்! ஒன்று இரண்டானால் இரு மடங்குதான். பொய் இல்லை. ஆனால் “7,000-க்கு ஒன்று, 7,000-க்கு இரண்டு ஆயிற்று” என்று சொல்லி இருந்தால், பெண்கள் நிதானமாக யோசித்து இருப்பார்கள். டாக்டரைக் கேட்டு வேறு மாத்திரைக்கு மாறி இருப்பார்கள். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் வரும் அபாயம் அதைவிடப் பெரிது என்பதையும் அறிந்து இருப்பார்கள்.

அமெரிக்காவில் எண்ணைத் தாமதமாகச் சொன்னார்கள். இங்கிலாந்தில் எண்ணைச் சொல்லாமல் மடங்கை மட்டும் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் அவதிப்பட்டவள் பெண்தான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மருந்துக் கம்பெனிகளும் சர்க்காரும் விவரச் சீட்டைச் சாதாரண மக்களுக்காக எழுத வேண்டும். இப்போது எறும்பு போன்ற எழுத்தில், பாய் நீளத்துக்கு அச்சடிக்கிறார்கள். படித்த பட்டதாரிக்கே தலை சுற்றுகிறது. புதிதாக எழுத்துக் கற்றவர் என்ன செய்வார்? பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் நாலு வரி போதும். 10,000 பெண்களில் எத்தனை பேருக்குத் தீங்கு வரும். யார் ஒட்டக் கூடாது. என்ன அடையாளம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேறு என்ன வழிகள் உண்டு. இவ்வளவுதான்.

இரண்டாவது, டாக்டர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேச வேண்டும். “சிகரெட் பிடிப்பது உண்டா? ஒற்றைத் தலைவலி உண்டா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியதா?” என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரத்த அழுத்தம் பார்க்காமல் சீட்டு எழுதிக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கல் எறிவது போல.

மூன்றாவது, வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இது பெண்கள் சமாசாரம் என்று கணவன் ஒதுங்கிவிடக் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு இரண்டு பேருக்கும் பொது. அபாயத்தைச் சுமப்பவள் மட்டும் மனைவி. ஆகவே அபாய அடையாளங்களையாவது கணவன் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அடையாளங்கள் இவைதான்:

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிப்பது.

திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சு வலிப்பது, இருமலில் ரத்தம் வருவது.

முன்பு ஒருபோதும் இல்லாத கடுமையான தலைவலி.

திடீரென்று கண் மங்குவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போவது.

வயிற்றில் தாங்க முடியாத வலி; உடம்பும் கண்ணும் மஞ்சளாவது.

இவற்றில் ஒன்று கண்டாலும் பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “கர்ப்பத் தடை பிளாஸ்திரி ஒட்டி இருந்தேன்” என்று சொல்ல வேண்டும். இளம் பெண்ணுக்கு ரத்தம் கட்டும் என்று டாக்டருக்குக்கூட எளிதில் தோன்றாது. அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும். நேரத்தோடு போனால் ரத்தக் கட்டியைக் கரைக்கவும், பெருகாமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது. பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளுகிறார்கள்.

உபயோகிக்கத் தொடங்கும் முதல் ஆண்டில்தான் அபாயம் அதிகம். இடையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினாலும் அப்படியே. எனவே அந்தக் காலத்தில் கூடுதல் விழிப்பு வேண்டும்.

நான்காவது, இப்போது பிளாஸ்திரி ஒட்டி இருக்கும் பெண் எவரும் செய்தியைப் படித்துப் பயந்து இன்றே பிய்த்து எறிய வேண்டாம். அபாய அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். நிறுத்துவதாக இருந்தால், வேறு வழியை ஏற்பாடு செய்துகொண்டு நிறுத்த வேண்டும்.

எத்தனை பிள்ளை பெறுவது, எப்போது பெறுவது என்று தீர்மானிக்கும் சக்தி பெண்ணின் கைக்கு வந்தது பெரிய காரியம். அந்தச் சக்தியைக் கொடுத்த மருந்துகளை நிந்திக்க வேண்டியது இல்லை. ஆனால் தீர்மானம் அவளுடையது என்றால், விவரமும் அவளுடையதாக இருக்க வேண்டும். விவரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு தீர்மானத்தை மட்டும் அவள் தலையில் போடுவது நியாயம் அல்ல.

உடம்பு அவளுடையது. எண்ணை அவளிடம் சொல்லுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்!